சிவப்பு மிதவை வரை

நாகப்பட்டினம்,
17.6.2025

அன்புள்ள செல்விக்கு,

கையில் போன் இருக்கும்போது இவருக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். காரணம் உன் அண்ணி. ராசாத்தி அக்காவின் போன் மீன் கூடையில் விழுந்து செத்துப்போய்விட்டது. உன் அண்ணன் தன் போனோடு விடியும் முன்னே துறைமுகத்துக்குப் போய்விடுகிறார். அன்றிலிருந்து என் போன்தான் இந்த வீட்டுக்குப் பொதுப் போன். அழைப்பு வந்தால் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார். மெசேஜ் வந்தால் தெருவுக்கே கேட்கும்படி வாசிக்கிறார். மூல மாத்திரை போட்டீர்களா என்று நீ அனுப்பியதை முந்தாநாள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தபோது வாசித்தார். உன் அண்ணன் சோற்றைப் பார்த்தபடியே சிரித்தார்.

ஆகவே உண்மையான சேதி எல்லாம் இனிமேல் தபாலில். நீயும் இந்த வீட்டு முகவரிக்கு எழுதாதே. துறைமுகத்துக்கு எதிரில் முனிவேல் என்பவர் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். காவேரிப்பட்டணத்துக்காரர். நான் வாயைத் திறந்ததுமே நம்ம பக்கத்து ஆள் என்று கண்டுபிடித்துவிட்டார். கவரின் பின்பக்கம் இருப்பது அவருடைய முகவரிதான்.

படகைப் பார்த்தாயிற்று. மரப்படகு, மேலே பைபர் பூச்சு, பச்சை வண்ணம். விற்கிற சிங்காரவேலு வயதானவர், மகன்கள் வெளிநாட்டில். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். என்ஜின் நம் நெடுஞ்சாலையில் ஓடும் லாரிகளில் இருக்கிற அதே ஜாதிதான். குருபரப்பள்ளி ஷெட்டில் அதைப் போல எத்தனையோ பிரித்து மாட்டியிருக்கிறேன். காது கொடுத்துக் கேட்டேன், புகையைப் பார்த்தேன், ஆயிலைத் தொட்டு முகர்ந்தேன். ஒரு குறையும் இல்லை. மச்சானுக்கு முகமெல்லாம் பல்.

“என்ஜின் ஒங்க பொறுப்பு மாப்ளே, கட்ட என் பொறுப்பு” என்று என் தோளில் தட்டினார். கட்டை என்றால் படகின் உடம்பு. அவர் அடியில் படுத்துப் பலகை பலகையாகத் தட்டிப் பார்த்தார். நான் என் பங்கைப் பார்த்தேன். பாகம் பிரித்துக்கொண்டது எனக்கும் நிம்மதியாக இருந்தது, ஏனென்றால் கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

தடைக்காலம் முடிந்து ஊர்ப் படகுகள் எல்லாம் போய்விட்டன. இந்தப் படகை நம்பி மச்சான் வேறு படகில் ஏறவில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் அவசரப்படுகிறார். சனிக்கிழமை வெள்ளோட்டம். வாங்குவதற்கு முன்னால் கடலில் ஓட்டிப் பார்ப்பது இங்கே வழக்கம். நானும் ஏற வேண்டுமாம். என்ஜின் பார்க்க வந்தவன் கரையில் நின்றால் நன்றாகவா இருக்கும்?

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். கட்டியிருந்த படகிலேயே கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். பயப்படாதே, எனக்குக் கிணற்றில் நன்றாக நீந்தத் தெரியும்.

உன்,
விஜயகுமார்

*

மத்திகிரி,
20.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் வந்தது. கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து படித்தேன். இறங்க வேண்டிய இடம் தாண்டியும் தெரியவில்லை, டிரைவர்தான் கூப்பிட்டார்.

அத்தையை நம் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். என்னால் தனியாக இருக்க முடியவில்லை. நீங்கள் எழுதியதில் மூல மாத்திரையை மட்டும் விட்டுவிட்டு மீதியை வாசித்துக் காட்டினேன். கிணறு என்று வந்ததும் அத்தை முறத்தைக் கீழே வைத்துவிட்டார். “நீந்துவானா? யாரு, விஜியா? அவன் கெணத்துல படியைப் புடிச்சிக்கினே நிப்பாம்மா. இடுப்புக்கு மேல தண்ணி வந்தா அழுதுக்கினு ஏறிடுவான்” என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இப்போது பெரியவனாகிவிட்டான் என்று சமாதானம் சொன்னார். பெரியவரானால் நீச்சல் தானாக வந்துவிடுமா மாமா? கல்யாணத்திலிருந்து இந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள்.

அண்ணன் சொந்தப் படகு வாங்க வேண்டும் என்று விடாமல் நச்சரித்தவள் நான்தான். என்ஜின் பார்க்க உங்களை அனுப்பியதும் நான்தான். இப்போது பயந்து சாகிறவளும் நானேதான். என்னைத் திட்ட வேண்டும் என்றால் நன்றாகத் திட்டுங்கள்.

ஒரு விஷயம் உங்களிடம் சொன்னதே இல்லை. உங்களைக் கட்டிக்கொள்ள நான் சம்மதித்தது உங்கள் குணத்துக்காக மட்டும் இல்லை. உங்கள் ஊரில் கடல் இல்லை. சின்ன வயதில் காற்று கிளம்பினால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அம்மா வாசலிலும் நான் மணலிலும் நிற்போம். அப்பா வந்து, அண்ணனும் வந்த பிறகுதான் அம்மா உலை வைப்பாள். ஒவ்வொரு காற்று நாளும் இப்படியே. ஓசூருக்கு வேலைக்கு வந்த புதிதில் எந்தப் பக்கம் போனாலும் மலையும் மாட்டுப் பண்ணையும் தக்காளிக் காடுமாக இருந்ததைப் பார்த்து, அப்பாடா என்று படுத்துத் தூங்கினேன். அந்தத் தூக்கம் இப்போது போய்விட்டது.

பக்கத்து வீட்டு சரசம்மா “சமுத்திரக்கே ஹோகிதாரா?”, கடலுக்கா போயிருக்கிறார் என்று கன்னடத்தில் கேட்டுவிட்டு, கடல் எப்படி இருக்கும், நம் ஏரியைப் போல எத்தனை இருக்கும் என்கிறார். 

மாமா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். என்ஜின் சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும். நீங்கள் சொன்னால் அண்ணன் மறுபேச்சுப் பேசமாட்டான். வேறு படகு பிறகு பார்க்கலாம், இல்லாவிட்டால் பழையபடி அடுத்தவர் படகிலேயே போகட்டும். அது அவனுக்கு அவமானம்தான். ஆனால் அந்தப் படகுகளையெல்லாம் எனக்குத் தெரியும், அவை போய்த் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்தப் படகை எனக்குத் தெரியாது.

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் என்று தெரியும்.

செல்வி

*

நாகப்பட்டினம்,
24.6.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கைக்கு வருவதற்குள் வெள்ளோட்டம் முடிந்துவிட்டது. முன்னால் வந்திருந்தாலும் நீ சொன்னதைச் செய்திருக்கமாட்டேன். தளியிலிருந்து பூ ஏற்றி வருகிறவனும், ஆந்திராவுக்குக் கல் ஏற்றிப் போகிறவனும் என் ஷெட்டைத் தேடி வருகிறான் என்றால், நல்லதை நல்லது என்றும் கெட்டதைக் கெட்டது என்றும் சொல்வேன் என்கிற ஒன்றுக்காகத்தான். நல்ல என்ஜினைக் கெட்டது என்று உன் அண்ணனிடமே எப்படிச் சொல்வேன்? அதை மட்டும் கேட்காதே. நீந்தத் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அம்மாவிடம் வேறு எதையும் விசாரிக்காதே.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு வேறொரு பயம் வந்திருக்கிறது.

சிங்காரவேலு, மச்சான், நான், மூன்று பேர் ஏறினோம். செருப்பைக் கரையிலேயே விட்டோம். மச்சான் கடல் தண்ணீரை ஒரு கை அள்ளி நெற்றியில் வைத்துக்கொண்டார். முகத்துவாரம் தாண்டியதும் படகு ஏறி இறங்கத் தொடங்கியது.  ஆனால் காற்று இல்லை, கடல் அன்று சாதுதான் என்றார்கள். பக்கத்திலேயே ஊர்ப் படகுகள் நாலைந்து வலை போட்டுக்கொண்டிருந்தன. நான் என்ஜின் அறைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டேன். அங்கே டீசல் வாடையும் சத்தமும் நம் ஷெட்டைப் போலவே இருந்ததால் கொஞ்சம் தெம்பு வந்தது.

எல்லாம் சரியாகவே இருந்தது. என்ஜினிலிருந்து ஒரு இரும்புத் தண்டு படகின் அடியைத் துளைத்துக்கொண்டு வெளியே படகைத் தள்ளும் விசிறிக்குப் போகிறது. துளையில் கடல் தண்ணீர் உள்ளே வராமல் தண்டைச் சுற்றி கிளாண்ட் கயிறு அடைத்திருக்கிறார்கள். நம் கிணற்று மோட்டாருக்குச் சுற்றுவோமே, அதேதான். அந்த இடத்தில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. சிங்காரவேலு தானாகவே காட்டி, “அது சொட்டும், எப்பவும் உள்ளதுதான்” என்றார். மச்சான் என்னைப் பார்த்தார். நம் தோட்டத்து மோட்டாரிலும் கிளாண்ட் சொட்டாமல் இருந்தால்தான் தவறு. நான் தலையாட்டினேன்.

அப்புறம்தான் அது நடந்தது. முகத்துவாரத்துக்கு வெளியே சிவப்பாக ஒரு மிதவை இருக்கிறது, கப்பல்களுக்கு அடையாளம். அங்கே வந்ததும் மச்சான் சுக்கானைத் திருப்பிவிட்டார். சிங்காரவேலுவே ஆச்சரியப்பட்டு, இன்னும் தூரம் போகலாமே, பகல் பூராவும் ஓட்டிப் பாருங்களேன் என்கிறார். மச்சான் போதும் என்கிறார். ஏன் என்று நான் கேட்டேன். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. “போதும் மாப்ளே, தெரிஞ்சுடுச்சு” என்றார். என்ன தெரிந்தது?

லாரி வாங்குகிறவன் தெருமுனை வரை ஓட்டிவிட்டுப் போதும் என்று சொன்னால் நான் என்ன நினைப்பேன்? ஒன்று, அவனுக்கு வண்டி தெரியாது. இல்லை, அவன் எதையோ மறைக்கிறான். உன் அண்ணனுக்குப் படகு தெரியாது என்று என்னால் சொல்ல முடியாது. அப்படியானால் கட்டையில் ஏதோ பழுது இருந்து, ஆசையில் அதை மூடுகிறாரா? மூன்று நாளாக மண்டையைக் குடைகிறது. இந்தப் படகு நாள்கணக்கில் கரை தெரியாத இடத்தில் நிற்கப் போகிறது, செல்வி. ஐஸ் ஏற்றி, வலை ஏற்றி, ஒரு முழுப் பகல் ஓட்டாமல் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். மச்சான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

அவருக்கு என்ன ஆயிற்று? உனக்கு ஏதாவது தெரியுமா?

விஜயகுமார்

*

மத்திகிரி,
27.6.2025

மாமாவுக்கு,

அண்ணன் எதையாவது மறைப்பவனா? இப்படி எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? அப்பா போன பிறகு என்னை ஐ.டி.ஐ.யில் படிக்கவைத்து ஓசூர் பஸ் ஏற்றிவிட்டவன் அவன். மிதவையில் திருப்பினான் என்றால் அதற்கு ஏதாவது காரணம் இருக்கும். வயிறு சரியில்லாமல் இருந்திருக்கலாம். எல்லாவற்றையும் லாரி மாதிரியே பார்க்காதீர்கள்.

போய்ப் பார்த்தாயிற்று, திரும்பி வந்தாயிற்று, படகும் நன்றாக ஓடியது. அது போதாதா? ஐஸ் ஏற்றி முழுப் பகல் ஓட்ட வேண்டும் என்று யார் கேட்டார்கள்? இப்போது கச்சான் காற்று அடிக்கிற காலம். காலையில் ஒன்றும் இருக்காது, மதியத்தில் மேற்கிலிருந்து கிளம்பிக் கரையிலிருந்து வெளியே தள்ளும். உங்களுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும்.

வாங்குவதோ வேண்டாம் என்பதோ அண்ணன் முடிவு செய்யட்டும். நீங்கள் கிளம்பி வந்துவிடுங்கள். ஷெட்டில் இரண்டு லாரிகள் நிற்பதாக அத்தைக்குப் போன் வந்தது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. சமையலறை ஓரம் ஒழுகுகிறது, வீட்டுக்காரரிடம் நீங்கள் வந்துதான் பேச வேண்டும். இதெல்லாம் காரணமா என்று கேட்காதீர்கள். காரணம்தான்.

இன்னும் ஒன்று எழுத நினைத்து இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். நேரில் சொல்கிறேன். தயவுசெய்து வந்துவிடுங்கள்.

செல்வி

*

நாகப்பட்டினம்,
30.6.2025

அன்புள்ள செல்விக்கு,

உன் கோபம் புரிகிறது. ஆனாலும் நாளைக்குப் போகிறோம். ஐஸ், டீசல், வலை எல்லாம் ஏற்றியாயிற்று. மச்சான் கடைசிவரை என்னைக் கரையில் நிற்கச் சொன்னார். நான் வரவில்லை என்றால் என்ஜினுக்கு நான் பொறுப்பில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஐஸ் உடைக்கப் போய்விட்டார். உனக்கு ஒன்று சொல்லட்டுமா, அவர் என்னை விடாமல் தடுப்பதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது.

ராசாத்தி அக்கா கருவாட்டுக் குழம்பு வைத்தார். என்னால் சாப்பிட முடியவில்லை. உன் சமையல் மாதிரி வரவில்லை என்று பொய் சொன்னேன். உண்மையில் பயம்தான்.

மழைக்கு ஒழுகும் இடத்தில் மேலே ஏறி நீயே தார்ப்பாய் போடாதே, வழுக்கும். நான் வந்து பார்க்கிறேன். வருவேன்.

விஜயகுமார்

*

மத்திகிரி,
2.7.2025

மாமா,

நீங்கள் கடலுக்குப் போவதை முந்தின இரவே அண்ணி உங்கள் போனிலிருந்து சொல்லிவிட்டார். நேற்று ஷிப்டு முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்ததும் உங்களுக்குத்தான் போட்டேன். எடுக்கவில்லை. பஸ்ஸில் போட்டேன். வீட்டில் போட்டேன். அத்தை உலை வைக்கப் போனார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அப்புறம் நீங்களே கூப்பிட்டீர்கள். வந்துவிட்டோம், நல்லா இருக்கோம், என்ஜின் சூப்பர் என்றீர்கள். அது உங்கள் குரலே இல்லை.  பின்னால் அண்ணி அழுகிற சத்தம் கேட்டது.  ஸ்பீக்கர் போட்டிருந்ததால் நான் கேட்கவில்லை.

இப்போது கேட்கிறேன். என்ன நடந்தது? ஒன்றையும் விடாமல் எழுதுங்கள். எனக்காகக் குறைத்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும்.

செல்வி

*

நாகப்பட்டினம்,
4.7.2025

அன்புள்ள செல்விக்கு,

கையில் கட்டுப் போட்டிருக்கிறார்கள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்காகப் பயப்படாதே. குறைக்காமலே எழுதுகிறேன்.

விடியும் முன் கிளம்பினோம், அதே மூன்று பேர். இந்த முறை சிவப்பு மிதவையைத் தாண்டியபோது மச்சான் அதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் கரை தெரியவில்லை. எல்லாப் பக்கமும் ஒன்றுபோலவே இருந்தது. நம் ஊரில் எங்கே நின்றாலும் ஒரு மலை தெரியும், அதை வைத்து வீடு இந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். இங்கே எதை வைத்துச் சொல்வது? ஆனாலும் என்ஜின் பிசிறில்லாமல் ஓடியது. வாந்தி நின்ற பிறகு, இவ்வளவுதானா கடல் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன்.

நீ சொன்ன காற்று மதியத்தில் வந்தது. படகு கனமாக இருந்ததால் பின்பக்கம் தாழ்ந்துதான் ஓடியது. அப்போது என்ஜின் சத்தத்தோடு வேறொரு சத்தம் கேட்டது. ஈரத் துணியைக் கல்லில் அடிப்பது போல. அடிப்பலகையைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர். என்ஜினின் பெரிய சக்கரம் தண்ணீரில் இடித்து அள்ளி வீசிக்கொண்டிருந்தது. தண்ணீரை இறைத்து வெளியே தள்ளும் பம்பைப் போட்டேன். அது இரண்டு முறை உறுமிவிட்டு அடைத்துக்கொண்டது.

நான் மேலே பார்த்து, “கட்ட ஒடைஞ்சிடுச்சா மச்சான்?” என்று கத்தினேன். அவர் மேலிருந்து, “கட்டைல ஒண்ணும் இல்ல, ஒங்க என்ஜின்லதான் ஏதோ பைப்பு போயிடுச்சு” என்று கத்தினார். அவர் இறங்கிவந்து என் என்ஜினில் தேடுகிறார். நான் அவருடைய பலகைகளைத் தடவிக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் தண்ணீர் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு வந்துவிட்டது. 

கோளாறு இரண்டு பேர் பங்கிலும் இல்லை. அந்தக் கிளாண்டில் இருந்தது. என்ஜினுக்கும் கட்டைக்கும் நடுவில், தண்டு வெளியே போகும் துளையில். கயிறு பழசு. முழு வேகத்தில் வெகுநேரம் ஓடியதும் தண்டு சூடாகிக் கயிறு கருகிப்போய், இறுக்கிப் பிடிக்கும் நட்டும் ஆட்டத்தில் கழன்றுவிட்டது. அது என்ஜினோடு சேர்ந்தது, மாப்பிள்ளை பார்த்துக்கொள்வார் என்று மச்சான் விட்டிருக்கிறார். அது படகோடு சேர்ந்தது, சொட்டுவதும் இயல்புதான் என்று நான் விட்டேன். சிங்காரவேலு கையால் காட்டியே சொன்னார். இரண்டு பேரும் பார்த்தோம். கிணற்று மோட்டாரில் கிளாண்ட் போனால் வரப்பு நனையும், அவ்வளவுதான். நான் அந்தப் புத்தியோடு கடலுக்குப் போயிருக்கிறேன்.

என்ஜினை நிறுத்தினோம். நிறுத்தியதும் படகு காற்றுக்குக் குறுக்கே திரும்பிப் புரளத் தொடங்கியது. நான் அந்தத் தண்ணீருக்குள் மார்பு நனையப் படுத்து, கையால் தடவித் தடவித் துளையைத் தேடினேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. தண்ணீர் வாய்க்குள் போனது. இங்கேயே முடிந்துவிடும் என்று நினைத்தேன். உன்னை நினைத்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் உண்மையைக் கேட்டிருக்கிறாய். நான் நினைத்தது மூச்சை மட்டும்தான்.

மச்சான் தன் நூல் துண்டைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். கிரீஸில் தோய்த்துத் திரித்து, தண்டைச் சுற்றித் திணித்தேன். சிங்காரவேலு வாளியால் இறைத்தார், மச்சானும் இறைத்தார். அவர் இறைத்துக்கொண்டே பேசினார். அதை அப்படியே எழுதுகிறேன்.

“செல்வி முன்னாடியே போன் பண்ணிட்டா மாப்ளே. செவப்பு மெதவைக்கு அப்பால ஒங்கள கூட்டிட்டுப் போகக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்குனா. அதான் அன்னிக்கி திருப்புனேன். அன்னிக்கி காத்து இல்ல, சுத்தி நம்ம ஊர்ப் படகா நின்னுச்சு. அன்னிக்கே போயிருந்தா ஒதவி கைக்கெட்டுற தூரத்துல இருக்கும்போதே இது தெரிஞ்சிருக்கும்.”

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் கோபத்துக்கு நேரம் இல்லை. என்ஜின் கெட்டது என்று சொல்லச் சொல்லி நீ எனக்கு எழுதியதை நானும் சொல்லிவிட்டேன். அவர் வாளியை நிறுத்தினார். “எங்கிட்ட ஒங்க உசுரக் கேட்டா. ஒங்ககிட்ட என் உசுரக் கேட்டாளா” என்றார். மறுபடியும் இறைக்கத் தொடங்கினார்.

நட்டைக் கையாலேயே திருகியதில் உள்ளங்கை கிழிந்தது. அது இறுகியதும் தண்ணீர் மட்டுப்பட்டது. மெதுவாக ஓட்டி, பாதி நேரம் இறைத்துக்கொண்டே வந்து சேர்ந்தோம். சிவப்பு மிதவையில் விளக்கு எரிந்தது. அதைப் பார்த்ததும் மச்சான் அழுதார், செல்வி. நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை. “நான் ஒவ்வொரு தடவையும் பயந்துதான் போயிருக்கேன் மாப்ளே, வீட்ல யாருக்கும் தெரியாது” என்றார்.

அவர் மறைத்த கோளாறு ஒன்றும் இல்லை. உன்னைத்தான் மறைத்திருக்கிறார். அவரைச் சந்தேகப்பட்டதற்கு நானே மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது படகு கரையில் ஏற்றியிருக்கிறது. முனிவேல் அந்தத் துளைக்குப் புதிய குழாய் கடைந்து போடுகிறார். சிங்காரவேலு கையெடுத்துக் கும்பிட்டு, வாங்கினாலும் வாங்காவிட்டாலும் சரிசெய்து தருகிறேன் என்றார். மச்சானுக்கு இன்னும் அந்தப் படகுதான் வேண்டும். அன்று அந்தக் காற்றிலும் கட்டை ஒரு பலகைகூட அசையவில்லை என்கிறார். என்ஜினும் அசையவில்லை என்று நானும் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த ஞாயிறு, பதின்மூன்றாம் தேதி, மறுபடி ஒரு பகல் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓட்டாமல் வாங்க முடியாது. நாங்கள் இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். போகலாமா வேண்டாமா என்று நீ சொல். வேண்டாம் என்றால் மச்சான் இந்தப் படகை விட்டுவிடுவார். ஆனால் அதை எங்கள் இருவருக்கும் சேர்த்து, ஒரே வாயால் சொல்ல வேண்டும். எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று வேண்டாம்.

விஜயகுமார்

*

மத்திகிரி,
8.7.2025

அன்புள்ள மாமாவுக்கும் அண்ணனுக்கும்,

இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். முனிவேல் அண்ணன் பட்டறையில் வைத்து இரண்டு பேரும் படியுங்கள். வேண்டுமானால் அண்ணியே தெருவுக்குக் கேட்கும்படி வாசிக்கட்டும்.

அண்ணன் சொன்னது உண்மை. வெள்ளோட்டத்துக்கு முந்தின நாள், என் நம்பரைப் பார்த்து யாரும் கேட்கக் கூடாது என்று, கம்பெனி வாசல் டீக்கடையில் இன்னொரு பெண்ணின் போனை வாங்கி அவனைக் கூப்பிட்டேன். அவர் நீந்தமாட்டார், ஏமாற்றிக் கரையருகிலேயே வைத்திரு என்றேன். நான் எழுதிக் கிழித்தது இதைத்தான். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்தேன். நான் செய்த வேலையால்தான் நீங்கள் காற்று நாளில், யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில், அந்தத் தண்ணீருக்குள் கிடந்தீர்கள். இதைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. லைனில் ஒரு போர்டைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்று கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். என்னைப் பிடித்து உட்காரவைத்து, “நீ பயந்தது தப்பில்லம்மா. ரெண்டு பேரையும் தனித்தனியா புடிச்சி இழுத்ததுதான் தப்பு” என்றார். அதற்குப் பிறகு என் தட்டில் சோறு போட்டார். சாப்பிட்டேன்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரை வந்தது. ஒரு நாள் முழுவதும் அதையே வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்றால் அண்ணன் அடுத்தவர் படகில் போவான். அந்தப் படகின் கிளாண்டை யார் பார்த்தது? அவன் போகாமல் இருக்கப் போவதில்லை. நான் கண்ணை மூடிக்கொள்வேன், அவ்வளவுதான். போங்கள் என்று சொன்னாலோ, ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இந்த வீட்டில் போனைப் பார்த்தபடி உட்கார என்னால் முடியாது. அம்மா எப்படி அத்தனை வருடம் நின்றாள் என்று தெரியவில்லை.

ஆகவே வெள்ளிக்கிழமை ஷிப்டு முடிந்ததும் சேலம் வழியாக வருகிறேன். லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். நானும் படகில் ஏறுகிறேன். பொம்பளை எதற்கு என்று யாராவது சொன்னால் அண்ணன் பதில் சொல்லட்டும். எனக்கு நீந்தத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும், கற்றுக்கொடுத்தவன் அவன்தான். கிளம்புவதற்கு முன்னால் அந்தக் கிளாண்டை நீங்கள் இரண்டு பேரும் என் முன்னால் கை வைத்துப் பார்க்க வேண்டும். நானும் கை வைப்பேன்.

இந்த முறை யார் காதிலும் ரகசியமாக ஒன்றும் சொல்ல மாட்டேன். திரும்ப வேண்டும் என்று தோன்றினால் மூன்று பேருக்கும் கேட்கும்படி கத்துவேன். அந்த மிதவைக்கு முன்னாலேயே கத்தினாலும் கத்துவேன். அப்படிக் கத்தினால் அது என் பயம்தான், திரும்பாதீர்கள்.

செல்வி